சென்னையைத் தாக்கிய 'எம்டன்': கலைக்களஞ்சியத்தில் இருப்பதெல்லாம் உண்மையா? ஒரு போர்க்கப்பல் கட்டுரையைச் சரிபார்ப்பது எப்படி?

"ஆளைப் பார்த்தா அப்பாவி மாதிரி இருப்பான், ஆனா சரியான எம்டன்!" இந்த வசனத்தைக் கேட்காத தமிழர்கள் குறைவு. 2006ல் வெளியான 'எம் மகன்' படத்துக்கு முதலில் வைத்த பெயரே 'எம்டன் மகன்'தான். ஒரு ஜெர்மன் போர்க்கப்பலின் பெயர், கில்லாடி, பொல்லாதவன் என்ற அர்த்தத்தில் தமிழ்ப் பேச்சில் நூறு வருஷத்துக்கும் மேலாக ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆனால் அந்தக் கப்பலைப் பற்றி இணையத்தில் தேடினால் குழப்பம்தான் மிஞ்சுகிறது. ஓர் இடத்தில் அது போர்க்கப்பல், இன்னோர் இடத்தில் நீர்மூழ்கிக் கப்பல். ஒருவர் 125 குண்டுகள் என்கிறார், இன்னொருவர் 130 என்கிறார். செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் வந்தார் என்று அடித்துச் சொல்லும் பதிவுகள் ஒரு பக்கம், வரவே இல்லை என்று மறுக்கும் பதிவுகள் மறுபக்கம்.

காயல்பட்டினத்தில் பிளஸ் டூ படிக்கும் ஒரு மாணவி, எம்டன் பற்றி பள்ளிக்கு ஒரு ப்ராஜெக்ட் எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கையில் மொபைல் இருக்கிறது. முதலில் வருவது விக்கிப்பீடியா. அதை அப்படியே நம்பலாமா? கலைக்களஞ்சியக் கட்டுரைகளை மதிப்பாய்வு செய்பவர்கள் எதையெல்லாம் பார்க்கிறார்கள்? அதே வேலையை நாமும் செய்ய முடியுமா? விரிவாகப் பார்க்கலாம்.

எம்டன்: முதலில் சுருக்கமாக

'எஸ்.எம்.எஸ். எம்டன்' ஜெர்மன் பேரரசின் கடற்படையைச் சேர்ந்த இலகு ரக க்ரூஸர். 'எஸ்.எம்.எஸ்.' என்பது 'மாட்சிமை தங்கிய மன்னரின் கப்பல்' என்பதற்கான ஜெர்மன் சுருக்கம். டான்சிக் நகரில் கட்டப்பட்டு 1908 மே 26ல் நீரில் இறக்கப்பட்டது. 1909 ஜூலையில் கடற்படையில் சேர்ந்தது. 1910ல் ஜெர்மனியை விட்டுக் கிளம்பி, சீனாவில் ஜெர்மனியின் வசம் இருந்த சிங்தாவ் துறைமுகத்துக்குப் போனது. அதன் பிறகு அது சொந்த நாட்டுக்குத் திரும்பவே இல்லை. இந்தக் கடைசி வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1914ல் முதல் உலகப் போர் தொடங்கியதும், கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் தலைமையில் தனியாக இந்தியப் பெருங்கடலுக்குள் நுழைந்தது. இரண்டே மாதத்தில் ஏறத்தாழ இரண்டு டஜன் வணிகக் கப்பல்களைப் பிடித்தது, பெரும்பாலானவற்றை மூழ்கடித்தது. செப்டம்பர் 22 இரவு சென்னையைத் தாக்கியது. அக்டோபர் 28ல் பினாங்கு துறைமுகத்தில் ரஷ்யாவின் 'ஷெம்சுக்' க்ரூஸரையும் பிரான்ஸின் 'மூஸ்கே' டெஸ்ட்ராயரையும் அழித்தது. நவம்பர் 9ல் கோகோஸ் தீவுகள் அருகே ஆஸ்திரேலியாவின் 'சிட்னி' க்ரூஸரிடம் சிக்கி, உருக்குலைந்து, பவளப் பாறையில் மோதி நின்றது. கதை இவ்வளவுதான். மற்றதெல்லாம் விவரம், சண்டையே அந்த விவரங்களில்தான் இருக்கிறது.

மதிப்பாய்வு என்றால் என்ன?

அச்சில் வந்த கலைக்களஞ்சியங்களுக்கு ஓர் ஆசிரியர் குழு இருந்தது. பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருக்க, தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட 'கலைக்களஞ்சியம்' அப்படி உருவானதுதான். துறை அறிந்தவர் எழுதுவார், ஆசிரியர் குழு திருத்தும், அச்சாகும். அச்சானபின் தப்பு தெரிந்தால் அடுத்த பதிப்பு வரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான்.

விக்கிப்பீடியாவில் முறை வேறு. யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். அதனால் தரத்தைப் பிரித்துக் காட்ட ஏணி மாதிரி சில படிகள் வைத்திருக்கிறார்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் நாலு வரி குறுங்கட்டுரையில் தொடங்கி, 'நல்ல கட்டுரை', 'ஏ' தரம், 'சிறப்புக் கட்டுரை' என்று ஏறிப் போகும். 'நல்ல கட்டுரை' ஆக, அந்தக் கட்டுரையை எழுதாத வேறொருவர் படித்துப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். போர் வரலாற்றுக் கட்டுரைகளுக்கு 'ஏ' தரம் கிடைக்க குறைந்தது 3 பேர் ஆதரிக்க வேண்டும். 'சிறப்புக் கட்டுரை' என்றால் உரை, சான்று, படங்களின் உரிமை எல்லாவற்றையும் பலர் பிரித்து மேய்வார்கள்.

போர்க்கப்பல் கட்டுரைகளுக்கு இதில் ஒரு தனி மவுசு உண்டு. கப்பலுக்குப் பிறந்த தேதி இருக்கிறது, இறந்த தேதி இருக்கிறது, நீளம், அகலம், பீரங்கி எண்ணிக்கை எல்லாமே எங்கேயோ பதிவாகி இருக்கும். எழுதுவது சுலபம் போலத் தெரியும். ஆனால் மதிப்பாய்வாளர்கள் அதிகம் சிவப்பு மை தீட்டுவதும் இந்த எண்களில்தான்.

தகவல் சட்டத்தில் ஆரம்பியுங்கள்

கட்டுரையின் ஓரத்தில் கட்டம் போட்டு நீளம், வேகம், ஆயுதம் என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள் இல்லையா, அதுதான் தகவல் சட்டம். முதல் வேலை, இந்தக் கட்டத்தில் இருப்பதும் கட்டுரைக்குள் இருப்பதும் ஒன்றுதானா என்று பார்ப்பது. மேலே 10 பீரங்கி, கீழே 8 பீரங்கி என்று இருந்தால் ஏதோ ஒன்று தப்பு. எம்டனில் இருந்தவை 10.5 செ.மீ. வாய் அகலமுள்ள பீரங்கிகள், மொத்தம் 10. ஆங்கிலேயர் எழுதிய புத்தகங்களில் இதே பீரங்கி '4.1 அங்குலம்' என்று இருக்கும். இரண்டும் ஒன்றுதான். அது தெரியாமல் இரண்டையும் தனித்தனி ஆயுதமாகச் சேர்த்துவிட்டால், கப்பலில் பீரங்கி இரட்டிப்பாகிவிடும்!

எடையிலும் இதே சிக்கல். வடிவமைப்பின்படி எம்டனின் எடை 3,664 டன், நிலக்கரி, குண்டு, தண்ணீர் எல்லாம் ஏற்றிய பிறகு 4,268 டன். ஒரு கட்டுரை முதல் எண்ணையும் இன்னொன்று இரண்டாவதையும் சொன்னால், இரண்டுமே சரிதான். எந்த எடை என்று சொல்லாததுதான் பிழை.

அடுத்து காலன் கணக்கு. சென்னையில் எரிந்த எண்ணெய் 3,46,000 காலன் என்று பல இடங்களில் சொல்லப்படுகிறது. பிரிட்டிஷ் காலன் என்றால் அது சுமார் 15.7 லட்சம் லிட்டர். அமெரிக்க காலன் என்று எடுத்துக்கொண்டு மாற்றினால் 13.1 லட்சம் லிட்டர்தான் வரும். 1914 சென்னையில் புழக்கத்தில் இருந்தது பிரிட்டிஷ் அளவு. கால்குலேட்டரில் தட்டும்போது எந்த காலன் என்று கேட்காமல் விட்டால், சுமார் 2.6 லட்சம் லிட்டர் எண்ணெய் காணாமல் போய்விடும்.

படத்தையும் விடக் கூடாது. எம்டன் என்ற பெயரில் ஜெர்மனி அடுத்தடுத்து கப்பல்களை விட்டது. 1916ல் ஒன்று, 1925ல் இன்னொன்று. 1916 எம்டனின் முகப்பில் பெரிய இரும்புச் சிலுவைச் சின்னம் இருக்கும். முதல் எம்டனின் நினைவாக வைத்தது அது. சென்னைத் தாக்குதல் பற்றிய பதிவுக்குக் கீழே இரும்புச் சிலுவை போட்ட கப்பல் படம் இருந்தால், அது தப்பான படம். சென்னைக்கு வந்த எம்டனுக்கு 3 புகைபோக்கிகள். நாலாவதாக ஒரு போலிப் புகைபோக்கியைப் பொருத்தி, தூரத்தில் பார்ப்பவர்களுக்கு பிரிட்டிஷ் க்ரூஸர் மாதிரித் தெரியவைத்தார்கள். எம்டன் என்ற பெயருக்கு நம்ம ஊரில் 'கில்லாடி' என்ற அர்த்தம் வந்ததில் ஆச்சரியமே இல்லை.

'நீர்மூழ்கிக் கப்பல்' என்று எழுதியிருந்தால்? யோசிக்கவே வேண்டாம், தப்பு. முதல் உலகப் போர் ஜெர்மனி என்றதும் நீர்மூழ்கிகள் ஞாபகம் வருவதால் ஏற்படும் குழப்பம் அது. இதே போல, 1943 அக்டோபரில் ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு போட்ட சம்பவத்தையும் எம்டனையும் ஒன்றாகக் கலந்துவிடுபவர்களும் இருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே 29 வருஷ இடைவெளி.

அந்த இரவில் எத்தனை குண்டு?

1914 செப்டம்பர் 22, இரவு 9 மணிக்கு மேல். அப்போது சென்னையின் கலங்கரை விளக்கம் உயர் நீதிமன்றக் கோபுரத்தின் உச்சியில் இருந்தது. விளக்கு வழக்கம்போல எரிந்துகொண்டிருந்தது. துறைமுகத்துக்கு சுமார் 3 கிலோமீட்டர் தொலைவில் வந்து நின்ற எம்டன், தன் தேடுவிளக்கைப் போட்டு பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் டாங்குகளைக் குறிவைத்துச் சுட்டது. டாங்குகள் தீப்பிடித்தன. துறைமுகத்தில் நின்றிருந்த கப்பல் ஒன்றும் சேதமானது, குறைந்தது 5 பேர் இறந்தார்கள். கரையிலிருந்து பதிலுக்குச் சுட்டும் பலனில்லை. எம்டன் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் மறைந்துபோனது.

இதில் எண்கள்தான் பிரச்சினை. குண்டுகள் 125 என்றும் 130 என்றும் புத்தகங்களில் இருக்கிறது. தாக்குதல் நீடித்த நேரம் பத்து நிமிஷம் என்றும் அரை மணி நேரம் என்றும் இருக்கிறது. தொடங்கிய நேரமும் 9.20, 9.30, 9.45 என்று மாறுகிறது. கடலில் இருக்கும் கப்பல் தனக்கென ஒரு கடிகாரம் வைத்திருக்கும், கரையில் இருப்பவர்கள் வேறு கடிகாரம் பார்ப்பார்கள். குண்டு போட்டவன் எண்ணுவது வேறு, குண்டு விழும்போது ஓடியவன் எண்ணுவது வேறு.

இந்த மாதிரி இடத்தில் நல்ல கலைக்களஞ்சியக் கட்டுரை ஏதோ ஒரு எண்ணைத் தேர்ந்தெடுத்து மற்றதை மறைக்காது. 'இன்ன நூல் இவ்வளவு என்கிறது, இன்ன நூல் இவ்வளவு என்கிறது' என்று இரண்டையும் சொல்லும். கோகோஸ் சண்டையில் இறந்த எம்டன் மாலுமிகள் எண்ணிக்கையும் இப்படித்தான், நூலுக்கு நூல் 131 முதல் 134 வரை மாறுகிறது. சான்று எதுவுமே இல்லாமல் 'சரியாக 9.23க்கு 127 குண்டுகள்' என்று ஒரு வரி இருந்தால் அதைத்தான் சந்தேகப்பட வேண்டும். துல்லியமாக இருப்பதாலேயே ஒரு விஷயம் உண்மையாகிவிடாது.

தூத்துக்குடி வழியாகப் போனதா?

தென்கடலோர வாசகர்களுக்கு வரும் கேள்வி இது. சென்னையைத் தாக்கிய கப்பல் மூன்றே நாளில், செப்டம்பர் 25ல், இலங்கைக்குத் தெற்கே 'கிங் லட்' கப்பலை மூழ்கடிக்கிறது. உடனே கொழும்புக்குப் பக்கத்தில் 'டைமரிக்', 'பியூரெஸ்க்' என்று வரிசையாகப் பிடிக்கிறது. சென்னைக்கும் கொழும்புக்கும் நடுவே இருப்பது பாக் ஜலசந்தியும் மன்னார் வளைகுடாவும்தானே? அப்படின்னா ராமேஸ்வரம், தூத்துக்குடி, காயல்பட்டினம் கரையை ஒட்டித்தானே போயிருக்கும்?

இல்லை. இதைச் சொல்ல ஆவணக் காப்பகம் போகவேண்டிய அவசியமில்லை, ஒரு வரைபடமும் தகவல் சட்டமும் போதும். எம்டனின் மிதவை ஆழம், அதாவது தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் அளவு, சுமார் 5.5 மீட்டர். ராமர் பாலம் எனப்படும் ஆதாம் பாலத் திட்டுகளில் அந்த அளவு ஆழமே கிடையாது. பாம்பன் கால்வாயிலும் இத்தனை பெரிய கப்பல் போக முடியாது. இன்றைக்கும் சென்னையிலிருந்து தூத்துக்குடி வரும் பெரிய சரக்குக் கப்பல் இலங்கையைச் சுற்றிக்கொண்டுதான் வருகிறது. அந்தச் சுற்றைத் தவிர்க்கத்தான் 2005ல் சேதுசமுத்திரத் திட்டத்தையே தொடங்கினார்கள். எம்டனும் இலங்கையின் கிழக்குக் கரைக்கு அப்பால் இறங்கி, தெற்கே சுற்றி, மேற்கே மினிக்காய் பக்கம் போனது. அக்டோபர் நடுவில் அங்கே மறுபடியும் ஒரு வேட்டை நடத்தியது.

அப்படியானால் காயல்பட்டினத்துக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கிறது. தூத்துக்குடிக்கும் திருச்செந்தூருக்கும் இடையில் இருக்கும் இந்த ஊரின் வியாபாரக் குடும்பங்களுக்கு கொழும்பு என்பது பக்கத்து வீடு மாதிரி. துணி, ரத்தினக் கல் என்று தலைமுறை தலைமுறையாக அங்கே கடை வைத்தவர்கள். கொழும்புக்கு வெளியே கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூழ்குகின்றன என்றால், இந்தக் கடலோரத்துக்கு அது வெறும் வெளிநாட்டுச் செய்தி இல்லை. வங்கக் கடலில் கப்பல் போக்குவரத்தே சில நாள் நிறுத்திவைக்கப்பட்டது. காப்பீட்டுக் கட்டணம் எகிறியது. இலங்கையில் அடம்பிடிக்கும் பிள்ளைகளுக்கு 'எம்டன் வருது' என்று பூச்சாண்டி காட்டியதாகவும் சொல்வார்கள்.

செண்பகராமன் எம்டனில் வந்தாரா?

தமிழில் எம்டன் பற்றி எழுதப்படும் எந்தக் கட்டுரையும் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. மதிப்பாய்வு செய்பவருக்கும் உண்மையான சோதனை இங்கேதான்.

பரவலாகச் சொல்லப்படும் கதை இது: திருவனந்தபுரத்தில் 1891ல் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த செண்பகராமன் பிள்ளை, எம்டன் கப்பலில் அதிகாரியாக வந்தார், பிரிட்டிஷ் இலக்குகளை மட்டும் தாக்கும்படி வழிகாட்டினார், பொதுமக்கள் பகுதியில் குண்டு விழாமல் பார்த்துக்கொண்டார். கேட்கவே புல்லரிக்கும். மேடைப் பேச்சு, வாட்ஸ்அப், யூடியூப் என்று எங்கும் இருக்கிறது.

இப்போது முன்பு நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன வரிக்கு வருவோம். எம்டன் 1910ல் ஜெர்மனியை விட்டுக் கிளம்பியது, திரும்பவில்லை. போருக்கு முன் அது கடைசியாக நின்ற பெரிய துறைமுகம் சிங்தாவ். அங்கிருந்து 1914 ஜூலை 31 மாலை கிளம்பியது. பிறகு பசிபிக் தீவுகள், கிழக்கிந்தியத் தீவுகள், வங்கக் கடல் என்று வந்தது. செண்பகராமன் அந்தக் கப்பலில் இருந்திருக்க வேண்டும் என்றால், போர் தொடங்கிய சமயத்தில் அவர் சீனாவில் இருந்திருக்க வேண்டும்.

ஆனால் அவர் அப்போது சுவிட்சர்லாந்தில், ஜூரிச்சில் இருந்தார். அங்கே 1914ல் 'சர்வதேச இந்திய ஆதரவுக் குழு'வை நடத்திக்கொண்டிருந்தார். அந்த ஆண்டின் அக்டோபரில் பெர்லின் போய், அங்கிருந்த இந்தியப் புரட்சியாளர்களின் குழுவோடு சேர்ந்தார். செப்டம்பர் 22ல் சென்னைக் கடலில் நின்ற கப்பலில் இருந்துவிட்டு, அடுத்த மாதமே பெர்லினில் ஆஜராக வழியே இல்லை. அந்த அக்டோபரில் எம்டன் டியாகோ கார்சியாவில் இருந்தது, மினிக்காய் அருகே இருந்தது, பினாங்கில் இருந்தது. ஐரோப்பா பக்கமே போகவில்லை.

இப்படி இரண்டு பேரின் பயணத் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது மதிப்பாய்வில் ரொம்ப எளிய, ரொம்ப பலமான கருவி. யார் தேசபக்தர், யார் துரோகி என்ற சண்டையே தேவையில்லை. காலண்டர் போதும்.

சரி, அப்படின்னா அந்தக் கதையை கட்டுரையிலிருந்து அப்படியே அழித்துவிடலாமா? கூடாது. ஒரு நூற்றாண்டாக லட்சக்கணக்கானோர் நம்பும் கதைக்கே ஒரு வரலாறு உண்டு. 'இப்படி ஒரு நம்பிக்கை தமிழகத்திலும் கேரளத்திலும் பரவலாக உள்ளது, காலக்கோடு இதற்குப் பொருந்தவில்லை' என்று சான்றோடு எழுதினால் வாசகருக்கு இரண்டும் கிடைக்கும். அழித்துவிட்டால் அடுத்த வாரமே வேறொருவர் வந்து அதே கதையை உண்மை என்று மறுபடி சேர்த்துவிடுவார்.

செண்பகராமனின் பெருமைக்கு எம்டன் தேவையும் இல்லை. 1915 டிசம்பரில் காபூலில் அமைந்த இந்தியத் தற்காலிக அரசில் வெளியுறவு அமைச்சராக அறிவிக்கப்பட்டவர் அவர். 1934ல் பெர்லினில் இறந்தார். அவரது அஸ்தியை மனைவி லட்சுமிபாய் பல ஆண்டுகள் பாதுகாத்து வைத்திருந்து, 1966ல்தான் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். கொண்டுவந்த கப்பல் 'ஐ.என்.எஸ். டெல்லி'. அந்தக் கப்பலின் பழைய பெயர் 'அக்கிலீஸ்'. 1939ல் 'கிராஃப் ஸ்பீ' என்ற ஜெர்மன் போர்க்கப்பலை எதிர்த்து நின்ற மூன்று கப்பல்களில் ஒன்று. கிராஃப் ஸ்பீ யார்? எம்டன் அங்கம் வகித்த கிழக்காசியப் படைப்பிரிவின் தளபதி. செண்பகராமனையும் போர்க்கப்பலையும் சேர்த்து எழுத ஆசைப்படுபவர்களுக்கு, கற்பனை கலக்காத இப்படி ஒரு கதையே இருக்கிறது.

வீரனா, கொள்ளைக்காரனா?

நடுநிலை என்பது மதிப்பாய்வில் இன்னொரு பெரிய தலைவலி. முல்லரைப் பற்றி பிரிட்டிஷ் பத்திரிகைகளே பாராட்டி எழுதின. பிடித்த கப்பல்களில் இருந்தவர்களை இறக்கிவிட்டுத்தான் மூழ்கடித்தார், 'கபிங்கா', 'கிரைஃபேல்' போன்ற கப்பல்களில் ஏற்றி அவர்களை விடுவித்தார் என்பதெல்லாம் உண்மை. அதனால் 'கனவான்' என்ற அடைமொழி பல கட்டுரைகளில் ஒட்டிக்கொண்டது.

ஆனால் அந்த அடைமொழி யாருடையது? சென்னைத் துறைமுகத்தில் செத்தவர்களின் குடும்பம் அப்படிச் சொல்லியிருக்குமா? ஊரைக் காலி செய்துகொண்டு ஓடிய ஆயிரக்கணக்கான சென்னைவாசிகள்? எம்டனின் அதிகாரிகள் பெயர், பதவி, பிற்கால வாழ்க்கை எல்லாம் புத்தகம் புத்தகமாக இருக்கிறது. அன்று இறந்தவர்களுக்கு பெரும்பாலான கட்டுரைகளில் ஒரு எண் மட்டும்தான். 'கனவான்' என்று கட்டுரையே தன் குரலில் சொல்லக் கூடாது, 'இன்னார் இப்படி அழைத்தார்' என்றுதான் எழுத வேண்டும் என்பது மதிப்பாய்வாளர்களின் வழக்கமான திருத்தம். சரியான திருத்தமும்கூட.

எதிர்ப்பக்கமும் ஆபத்து உண்டு. மினிக்காய் அருகே எம்டன் மூழ்கடித்த 'சில்கானா', பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் கப்பல். தூத்துக்குடியில் வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனியோடு மோதி, அதை நசுக்கிய அதே கம்பெனி. தூத்துக்குடிக்காரர் யாருக்கும் இதைப் படித்ததும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வரத்தான் செய்யும். ஆனால் 'வ.உ.சி.க்காகப் பழிவாங்கிய எம்டன்' என்று கலைக்களஞ்சியத்தில் எழுத முடியாது. முல்லருக்கு வ.உ.சி. யார் என்று தெரிந்திருந்ததற்கு எந்தச் சான்றும் இல்லை. இரண்டு உண்மைகளைச் சேர்த்து, எங்கும் இல்லாத மூன்றாவது முடிவை நாமே செய்துகொள்வதை 'சொந்த ஆய்வு' என்பார்கள். மேடைக்கு அது சரி, கலைக்களஞ்சியத்துக்கு ஆகாது.

வீட்டில் இருக்கும் கடிதம் சான்றாகுமா?

நம் கற்பனை மாணவிக்கே திரும்புவோம். அவள் வீட்டுப் பரணில், கொழும்பிலிருந்து 1914ல் வந்த ஒரு கடிதம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அரபுத் தமிழில், அதாவது அரபு எழுத்தில் தமிழை எழுதும் முறையில் இருக்கிறது. காயல்பட்டினத்தில் அப்படி எழுதிப் படித்த தலைமுறைகள் உண்டு. அதில் 'எம்டன் பயத்தால் சரக்கு நின்றுபோனது' என்று ஒரு வரி. இதை விக்கிப்பீடியாவில் சேர்க்கலாமா?

நேரடியாகச் சேர்க்க முடியாது. காரணம், படிக்கும் வேறு ஒருவர் அதைப் போய்ச் சரிபார்க்க வழியில்லை. விக்கிப்பீடியா கேட்பது வெளியாகிய சான்று. தாத்தா சொன்னார், பாட்டி சொன்னார் என்பதெல்லாம் கணக்கில் வராது.

இந்த விதியில் நியாயம் இருக்கிறது. இல்லையென்றால் ஆளுக்கொரு பாட்டி கதை ஏறிவிடும். ஆனால் இதற்கு ஒரு விலையும் இருக்கிறது. ஜெர்மன் அதிகாரிகள் புத்தகம் எழுதினார்கள். எம்டனின் துணைத் தளபதி ஹெல்முத் ஃபான் மூக்கே, கோகோஸ் தீவில் கரையிறங்கிய சுமார் 50 பேரோடு 'ஆயிஷா' என்ற பாய்மரக் கப்பலைக் கைப்பற்றித் தப்பி, அரேபியா வழியாக இஸ்தான்புல் போய்ச் சேர்ந்த கதையை 1915லேயே புத்தகமாக்கிவிட்டார். ஆஸ்திரேலியாவும் பிரிட்டனும் அதிகாரபூர்வ வரலாறு எழுதின. எம்டனின் பீரங்கி ஒன்று இன்றும் சிட்னி ஹைட் பூங்காவில் நிற்கிறது. கொழும்பில் கடையைப் பூட்டிவிட்டு கரையைப் பார்த்து நின்ற வியாபாரியும், மூழ்கடிக்கப்பட்ட கப்பல்களில் வேலை செய்த லஸ்கர்களும் புத்தகம் எழுதவில்லை. சான்று இல்லாததால் கட்டுரையில் இல்லை, கட்டுரையில் இல்லாததால் அவர்கள் அங்கே இருந்ததே மறந்துபோகிறது.

வழி இருக்கிறதா என்றால், சுற்று வழி இருக்கிறது. அந்தக் கடிதத்தை ஸ்கேன் செய்து, படிக்கத் தெரிந்தவரிடம் எழுத்துப் பெயர்ப்பு வாங்கி, ஓர் ஆய்விதழிலோ ஊர் வரலாற்று நூலிலோ பதிப்பித்தால், அதன்பிறகு அது வெளியான சான்று. ஆய்வு நூலகம் ஒன்றுக்குக் கொடுத்தால், பிறர் போய்ப் பார்க்கவும் முடியும். பரணில் இருக்கும்வரை அது கறையானுக்கு மட்டும்தான் சான்று.

மொபைலிலேயே என்ன பார்க்கலாம்?

விக்கிப்பீடியா கட்டுரையில் 'உரையாடல்' பக்கத்தைத் திறந்து பாருங்கள். எந்தெந்த வரிக்குச் சண்டை நடந்தது என்று அங்கே தெரியும். 'வரலாறு' பக்கத்தில் ஒவ்வொரு திருத்தமும் தேதியோடு இருக்கும். நேற்று சேர்த்த வரியா, பத்து வருஷமாக நிற்கும் வரியா என்பது முக்கியம். 'சான்று தேவை' என்று குறித்திருக்கும் வரியை ப்ராஜெக்டில் எழுதாதீர்கள்.

சான்றைச் சொடுக்கிப் பார்க்கும்போது ஒரு வலை இருக்கிறது. சான்றாக ஒரு செய்தி இணையதளம் இருக்கும். அந்தச் செய்தியைத் திறந்தால், அதுவே விக்கிப்பீடியாவைப் பார்த்து எழுதியதாக இருக்கும். வட்டமாகச் சுற்றி வந்து அதே இடத்தில் நிற்பீர்கள். செய்தித்தளங்கள் செப்டம்பர் 22 வந்தால் ஆளுக்கொரு எம்டன் கட்டுரை போடுவது வழக்கம் என்பதால், இந்தத் தலைப்பில் இந்த ஆபத்து கொஞ்சம் அதிகம். செய்தியின் தேதியையும், அந்த வரி விக்கிப்பீடியாவில் சேர்ந்த தேதியையும் ஒப்பிட்டால் எது முதலில் வந்தது என்று பிடித்துவிடலாம்.

நேரில் பார்க்க விரும்பினால், சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தின் கிழக்குச் சுற்றுச்சுவரில், எம்டனின் குண்டு விழுந்த இடத்தைக் குறிக்கும் கல்வெட்டு இருக்கிறது. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் குண்டின் சிதறல்கள் இருக்கின்றன. 1914ல் சென்னையில் 'தி இந்து', 'மெட்ராஸ் மெயில்', 'சுதேசமித்திரன்' எல்லாமே வந்துகொண்டிருந்தன. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம், தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் ஆகியவை இந்தக் காலத்துப் பழைய தாள்களையும் ஆவணங்களையும் தேடுபவர்கள் வழக்கமாகப் போகும் இடங்கள். பழைய பத்திரிகையைப் படிக்கும்போதும் ஒன்றை மறக்கக் கூடாது: அது போர்க்காலம், அரசுத் தணிக்கை இருந்தது. செப்டம்பர் 23 காலையில் அச்சானது என்பதற்காக அதில் இருக்கும் சேதக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது, ஜெர்மன் பக்கத்துக் கணக்கோடு வைத்துப் பார்க்க வேண்டும்.